பின்னால் நின்றவர்

“இன்னும் மூணு மணி நேரந்தான் இருக்கு, ஐயா. அதுக்குள்ள உங்களோட வேலை பார்த்தவரோ, நீங்க அங்க வேலை செஞ்சதைப் பார்த்தவரோ ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. இல்லேன்னா இன்னையோட ஃபைலை மூடிடுவாங்க.”

முன்னாள் படைவீரர் அலுவலகத்தின் கவுன்டரில் இருந்த இளம் பெண் அலுவலர் இதைக் கடுமையாகச் சொல்லவில்லை. பெரியவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அவருடைய வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே இருந்த சதை கரைந்து குழி விழுந்திருந்தது. இந்த மாதத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் அந்த விரலின் அசைவு திரும்பி வராது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ராணுவ மருத்துவமனையில் செய்துகொள்ளலாம். ஆனால் பணியால் வந்த பாதிப்பு என்று முதலில் இந்த அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். பயிற்சி முகாமின் பழைய பதிவேடுகள் வெள்ளத்தில் போய்விட்டன. அதனால்தான் சாட்சி.

பெரியவரோடு வேலை பார்த்தவர் ஒரே ஒருவர். அவர் இறந்து நாலு வருடம் ஆகிறது.

“என்னங்க, இங்கேயே கேட்டுப் பார்க்கலாமே,” என்றாள் மனைவி.

அவர் வேண்டாம் என்பதுபோலக் கையை அசைத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, தன் வேலையைப் பற்றி அங்கே யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை கை, மணிக்கட்டு மனுக்களுக்கான நாள். கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஒருவருக்கு இரண்டு விரல்கள் இல்லை. ஒருவரின் மணிக்கட்டு, பாராசூட்டோடு மரத்தில் விழுந்ததில் வளைந்தபடியே நின்றுவிட்டது. தண்ணீர்க் குழாயைத் திருகி மூட ஆளில்லாமல் அது ஒழுகிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து, ஒரு படையே உட்கார்ந்திருந்தும் ஒரு குழாயை அடக்க முடியவில்லையே என்று பெரிய மீசைக்காரர் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரின் மனைவி எழுந்துபோய் மூடிவிட்டு வந்தாள்.

அப்படித்தான் பேச்சு அவர்கள் பக்கம் திரும்பியது. இங்கே இருக்கிற அத்தனை பேரும் ஒரே முகாமில் பயிற்சி பெற்றவர்கள் என்று மீசைக்காரர் சொன்னார். ஐயா எந்த முகாம் என்றும் விசாரித்தார். மனைவிதான் பதில் சொன்னாள். அதே முகாம், இருபத்திரண்டு வருடம்.

மீசைக்காரர் பெரியவரின் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“இருபத்திரண்டு வருஷமா? அங்க இருந்த வாத்தியார்ல இருந்து வாட்ச்மேன் வரைக்கும் எனக்குத் தெரியும். இவரை நான் பார்த்ததே இல்லையே.”

பக்கத்தில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொருவராகத் தெரியாது என்றார்கள். விரல் இழந்தவர், இப்போதெல்லாம் யார் யாரோ மனுப் போடுகிறார்கள் என்று யாரையும் பார்க்காமல் முணுமுணுத்தார்.

மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. “யாரைப் பார்த்து என்ன பேசறீங்க? காலையில சட்டைக்குப் பட்டன் போட்டுவிட்டது நானு. சோத்தைப் பிசைஞ்சு கொடுக்கறது நானு. பொய் சொல்லித்தான் இந்தக் கை இப்படி ஆச்சா?”

பெரியவர் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். பிறகு தானே எழுந்து நின்றார். அந்தக் கூடத்துக்குள் வந்ததிலிருந்து அவர் பேசியது அப்போதுதான்.

“கோவிச்சுக்காதீங்க தம்பிங்களா. நான் அங்க முடி வெட்டறவனா இருந்தேன். முத நாள் வர்ற பசங்களுக்கு மொட்டை அடிக்கிறது என் வேலை. அப்பல்லாம் கையால அமுக்கற மிஷின்தான். அமுக்கி அமுக்கித்தான் கை இப்படிப் போச்சு. உங்களுக்கெல்லாம் சொல்லிக்க ஒரு சண்டை இருக்கு. எனக்கு அது இல்ல. அதான் பேசாம உக்காந்திருந்தேன்.”

யாரும் சிரிக்கவில்லை. விரல் இழந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மீசைக்காரர் எழுந்தார். நேராகக் கவுன்டருக்குப் போய், சாட்சியாகத் தன் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர் பின்னாலேயே வளைந்த மணிக்கட்டுக்காரர் போனார். பெஞ்சுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. விரல் இழந்தவரும் வரிசையில் வந்து நின்றார்.

ஒரு சாட்சி போதும் என்றாள் அலுவலர். யாரும் நகரவில்லை.

பெரியவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கும்பிடக் கையைத் தூக்கினார். வலது கை சரியாகக் குவியவில்லை. மனைவி அதைத் தன் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

அலுவலர் பேனாவைத் திறந்தாள். ஆனாலும் அவளுக்கு ஒரு சந்தேகம்.

“இப்பத்தான் சார் இவரைப் பார்த்ததே இல்லைன்னு சொன்னீங்க. எனக்கே கேட்டுச்சு. இப்ப இவர்தான்னு எப்படிச் சொல்றீங்க?”

“முகத்தை எப்படி மேடம் பார்த்திருப்போம்? அவர் எங்களுக்குப் பின்னாலதானே நின்னாரு,” என்றார் மீசைக்காரர். “பதினெட்டு வயசு. வீட்டை விட்டு வந்த முத நாள். ‘தலையை இன்னும் குனிஞ்சுக்க தம்பி, நீ அழறது யாருக்கும் தெரியாது’ன்னு என் காதுகிட்டச் சொன்னது இந்தக் குரல்தான்.”