அரை மணி நேர உபதேசம்

"முதல்ல உட்காரும்மா. பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசுறவங்க வேலையில மேலே வந்ததா சரித்திரமே இல்ல."

கதவைத் திறந்ததும் "சார், உங்களை..." என்று ஆரம்பித்தவள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். பார்சல் கிடங்கில் முகவரி பார்த்துப் பெட்டிகளைப் பிரிப்பது அவள் வேலை. ஆறு வருடமாக அவர்தான் அவளுக்கு மேற்பார்வையாளர். முதுகுக்குப் பின்னால் எல்லாருக்கும் அவர் 'உபதேசம்'.

இன்று கிடங்கு மேலாளர் பதவிக்கு நேர்முகத் தேர்வு. பதினெட்டு வருடமாக அவர் கண் வைத்திருந்த நாற்காலி. பத்தரைக்கு இந்தக் கூட்ட அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மணி பத்து முப்பத்தைந்து ஆகியும் தேர்வு நடத்தும் மகாராஜாக்களில் ஒருத்தரையும் காணோம்.

"நேரத்துக்கு வரத் தெரியாதவங்க என்னை எடை போடப் போறாங்க" என்று உதட்டைப் பிதுக்கினார். "நீ எதுக்கு வந்தேன்னு தெரியும். முன்னேற யோசனை வேணும், அதானே?"

"இல்ல சார், ஒரு நிமிஷம்..."

"ஒரு நிமிஷத்துல யாரும் தலைவராக முடியாது. அதுக்கு முதல் தகுதி என்ன தெரியுமா? காது. அடுத்தவங்க சொல்றதைக் கேட்கணும். கவனம் சிதறக் கூடாதுன்னு நான் போனைக்கூட அணைச்சு வச்சிருக்கேன்."

"சார், அது வந்து..."

"இப்படி முந்திரிக்கொட்டை மாதிரி முந்துறதாலதான் இன்னும் பெட்டி பிரிச்சிட்டு இருக்கே. நான் முடிச்சப்புறம் பேசு."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கோப்பைத் திறந்து பேனாவை எடுத்தாள்.

"சரி சார். மேலாளரா வந்தா முதல்ல என்ன செய்வீங்கன்னு கேட்டா, என்ன சொல்லணும்?"

உபதேசம் பூரித்துப் போனார். ஒரு மாதமாக மனப்பாடம் செய்த பதில், கேட்க ஆள் கிடைத்தால் விடுவாரா?

"முதல் பத்து நாள் எதையும் மாத்தக் கூடாது. லாரி வர்ற நேரத்துல வாசல்ல நின்னு பார்க்கணும். பெட்டி எங்கே தேங்குதுன்னு தூக்குறவன்கிட்டயே கேட்கணும்."

இத்தனை வருடத்தில் எந்தத் தூக்குகிறவனிடமும் அவர் எதையும் கேட்டதில்லை. ஆனால் சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருந்தது.

"தப்பு நடந்தா சார்?"

"பழியை நாம ஏத்துக்கணும், பாராட்டை ஆளுங்களுக்குக் கொடுக்கணும்."

போன மாதம் உடைந்த பெட்டிகளுக்காக இவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கியவர் பேசுகிற பேச்சு இது. அதையும் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டாள்.

பதினொன்றாக இரண்டு நிமிடம் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, "இப்ப சொல்லு, என்ன விஷயம்?" என்றார் பெருந்தன்மையோடு.

"பெரியவங்களுக்கு இந்த ரூம் பிடிக்கலையாம் சார். தேர்வு மூணாவது மாடிக்கு மாறிடுச்சு. உங்க போன் கிடைக்கலைன்னு, அங்கே வெளியே உட்கார்ந்திருந்த என்னை அனுப்பினாங்க. பத்தே முக்காலுக்குள்ள நீங்க வரலைன்னா உங்க பேரை அடிச்சிட்டு, பதினொரு மணிக்கு அடுத்த ஆளைக் கூப்பிடுவாங்களாம்."

அவருக்குப் பொறி கலங்கியது. "அடுத்த ஆளா? எனக்குப் போட்டியா எவன் மனு போட்டான்?"

"நான்தான் சார்" என்று கோப்பை மூடிக்கொண்டு எழுந்தாள் அவள். "கூப்பிடுற நேரமாச்சு, வரட்டுமா?"