ஆறு மணி வகுப்பு

"ஹேமநாதன், ஜெனரல் மேனேஜர் பதவிக்கு உங்களைத்தான் நினைச்சிருக்கேன். தினமும் காலைல ஆறு மணிக்கு ஜப்பான்காரங்களோட மீட்டிங்ல பேசணும், அவ்ளோதான்" என்றார் அம்பத்தூர் கம்பெனியின் முதலாளி இருதயராஜ்.

"ஆறு மணி முடியாது சார். என் பொண்ணு கனிமொழியோட நீச்சல் கிளாஸ் இருக்கு."

"உங்க மிஸஸ் கூடப் போகட்டுமே?"

"நான்தான் சார் போகணும்."

"நீச்சல் கத்துக்கிட்டு என்ன ஆகப்போகுது? வாழ்க்கையில ஜெயிக்கிற வழியைப் பாருங்கய்யா!"

"பார்த்துட்டுதான் சார் சொல்றேன்" என்று சிரித்தபடி எழுந்தார் ஹேமநாதன்.

மறுநாள் காலை ஆறு மணி. திருமுல்லைவாயில் நீச்சல் குளத்தின் கரையில் விசிலோடு நின்றிருந்தாள் கனிமொழி. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு அவள் இங்கே பயிற்சியாளராகச் சேர்ந்த அன்று, "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று வீடே அதிரக் கத்தியிருந்தார் அவள் அப்பா.

"கம்பியை விடுங்கப்பா! நான்தான் இருக்கேன்ல?"

மார்பளவுத் தண்ணீரில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்த ஹேமநாதன் இரண்டு கைகளையும் எடுத்தார்.

"விட்டுட்டேன் மேடம்!"