எமில் போட்ட நிபந்தனை

"எங்கட பிள்ளை எங்க எண்டு சொல்லாத நாட்டுக்குப் பாடிப்போட்டு வந்திருக்கிறியளே, வெக்கமாயில்லையோ?"

பெற்றிசியா அலுமாரியிலிருந்து சேலைகளை இழுத்துப் பைக்குள் அடைத்தபடி கேட்டாள். கதிரையில் இருந்த கணவர் எமில் தரையைப் பார்த்தார்.

எந்த முகத்தோடு அவளைப் பார்ப்பார் மனுஷன்? ஐம்பது வருஷமாக மன்னார்க் கல்யாண வீடுகளைத் தன் பொப் பாட்டால் ஆட வைத்தவர். இப்போது எழுபத்திரண்டு வயதில், கேட்டவர்கள் எல்லாம் மூக்கில் விரல் வைக்கும்படி, பத்துத் தேசபக்திப் பாட்டுப் பாடி இறுவட்டு வெளியிட்டிருக்கிறார். நேற்றுக் கொழும்பில் விழா. பொன்னாடை போர்த்தினார்களாம், பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழும்பி நின்று கைதட்டினார்களாம். தொலைக்காட்சிச் செய்தியில் பார்த்த பெற்றிசியாவுக்குத் தலை சுற்றிவிட்டது.

அவர்களின் ஒரே மகன் அனோஜன். 2008இல், பத்தொன்பது வயதில், ஒரு வெள்ளை வான் அவனைப் பலவந்தமாக ஏற்றிக்கொண்டு போனது. ஆள் திரும்பி வரவில்லை. அன்று தொடக்கம் அவள் ஏறி இறங்காத அரச கந்தோர் இல்லை, நிற்காத இராணுவ முகாம் வாசல் இல்லை. அவனுடைய படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு மற்றத் தாய்மாரோடு வீதியில் இருக்கிறாள். இனி அந்தத் தாய்மாரின் முகத்தில் எப்படி முழிப்பது?

"அந்தப் பாட்டுகளை வேண்டாமெண்டு திருப்பி எடுங்கோ. இல்லாட்டி நான் பேசாலைக்கு, தங்கச்சி வீட்ட போறன். பிறகு இந்தப் படி மிதிக்கமாட்டன்."

"ஏலாது, பெற்றிசியா."

அவ்வளவுதான். நாற்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு ஒரு சொல்லில் பதில். அவள் அடுத்த சேலையை இழுத்தாள்.

அந்த நேரம் பார்த்து மில்ரன் வந்து சேர்ந்தான். நாற்பது வருஷமாக எமிலுக்குக் கிற்றார் வாசிப்பவன். அவனுக்கும் எமில் மேல் கடுப்புத்தான், ஆனால் வேறு கடுப்பு. பாட்டையே அண்ணை பழுதாக்கிவிட்டார் என்று பெற்றிசியாவிடம் முறையிட்டான். பத்துப் பாட்டின் தொடக்கத்திலும் ஒரே விசில். அது முடிந்து பத்துச் செக்கன் ஒரு சத்தமும் இல்லை. பிறகுதான் பாட்டு. வெட்டச் சொல்லி எல்லோரும் கெஞ்சினார்களாம். வெட்டினால் பாடவேமாட்டேன் என்று எமில் ஒற்றைக் காலில் நின்றாராம்.

"நீங்களே கேட்டுப் பாருங்கோ அக்கா" என்று கைபேசியை மேசையில் வைத்துத் தட்டினான்.

விசில் கேட்டது. சேலை மடித்த கை அப்படியே நின்றது.

அவளுக்கா அது தெரியாது! கீரிக் கடற்கரையில் விளையாடும் அனோஜனைச் சோற்றுக்குக் கூப்பிட எமில் வாசலில் நின்று அடிக்கும் விசில் அது. பாதி மெட்டுத்தான் அடிப்பார். மிச்சப் பாதியை அனோஜன், எங்கே நின்றாலும், பதிலுக்கு அடித்துக்கொண்டு ஓடி வருவான். வளர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை.

பத்துச் செக்கன் வீடு மூச்சுக் காட்டவில்லை. பிறகு மேளம் முழங்கியது, பாட்டுத் தொடங்கியது.

"இதென்னப்பா?" என்றாள்.

"சொல்லாமல் விட்டதுக்குக் கோவியாதையும். பதில் வராட்டி நீர் தாங்கமாட்டீர் எண்டுதான்..."

எமில் சட்டைப் பையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். வாங்கி வாசித்தாள். பாடுவதற்கு அவர் போட்ட ஒரேயொரு நிபந்தனை அதில் இருந்தது: நாட்டில் உள்ள எல்லாச் சிறைச்சாலைகளிலும் எல்லா முகாம்களிலும், ஒவ்வொரு நாள் காலையும், இந்தப் பாட்டுகளை ஒலிபெருக்கியில் போட வேண்டும்.