சுத்திக்கிட்டே இருக்கு

"இன்னும் சுத்துது பாரு! ஒரு பக்கம் திறக்க இவ்வளவு நேரமா? மனுஷனோட நேரத்துக்கு ஒரு மதிப்பு வேண்டாம்?"

டெல்லி ஜனக்புரி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கம்ப்யூட்டரோடு மல்லுக்கு நின்றார் இராஜமாணிக்கம். ஏதோ ஒரு அமைச்சகத்தில் பெரிய அதிகாரி. தாமதம் என்றாலே அவருக்கு ஆகாது. அதாவது, தனக்கு ஆகிற தாமதம்.

"எல்லாம் மதுமதி வேலை. கண்ட கண்ட சீரியலைப் பார்த்து பிரவுசரையே கெடுத்து வெச்சிருக்கா!"

சோபா நுனியில் அம்சவேணி உட்கார்ந்திருந்தாள். அவர் ஆபீசில் வேலை பார்த்து, போன வருஷம் இறந்துபோனவரின் மனைவி. கோல் மார்க்கெட்டில் இருக்கும் அரசாங்கக் குவார்ட்டர்ஸை மாசக் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். மகளின் ப்ளஸ் டூ பரீட்சை முடியும்வரை இருக்க அனுமதி கேட்டு அவள் மனு கொடுத்து மாசக்கணக்கில் ஆகிறது.

"சார், என் மனு... மூட்டை கட்டுறதா, படிக்கிறதான்னு தெரியாம பொண்ணு அழறா சார்."

"இருங்கம்மா, பார்க்கறீங்கல்ல? இங்கே ஒரு பக்கமே திறக்கலை. மது! ஜல்தி வா!"

அவர் மகள் மதுமதி வந்து மவுசைத் தட்டினாள்.

"என்னப்பா இது? பிரவுசரை வேகமாக்குற எக்ஸ்டென்ஷனே ஆறு கிடக்கு! யார் போட்டது?"

"நான்தான். முதல்ல ஒண்ணு போட்டேன், ஸ்லோவா இருந்தது. அதை வேகமாக்க இன்னொண்ணு. அப்படியே..."

"அச்சா! ஒவ்வொரு பக்கத்தையும் ஆறும் செக் பண்ணிட்டுத்தான் விடுது. அப்புறம் எப்படிப்பா திறக்கும்?"

ஆறையும் தூக்கினாள். பக்கம் பட்டென்று திறந்தது. கிரிக்கெட் ஸ்கோர்.

"சபாஷ்! பார்த்தீங்களாம்மா? குறுக்கே நிக்கிறதை எல்லாம் தூக்கிட்டா வேலை தானா நடக்குது!" இராஜமாணிக்கத்துக்கு சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"அப்போ என் மனு சார்...?"

"உங்களை மறப்பேனா? பாவம், அஞ்சு ஆபீசர் மேஜையில அது சுத்திக்கிட்டே இருக்கேன்னு எனக்கே பொறுக்கலை. அதை வேகப்படுத்தத்தான் வெள்ளிக்கிழமை ஆறாவதா ஒரு ஆபீசரைப் போட்டிருக்கேன்!"

அம்சவேணி எழுந்தாள். நேரே மதுமதியிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கண்ணு, நாளைக்கு அப்பா ஆபீசுக்கும் ஒரு நடை வந்துட்டுப் போறியா?"