இரவல் கொடுத்த பத்து நிமிடம்

மதிய வெயிலில், கொடியில் காயும் துணிகளுக்கு மேலே, மொட்டைமாடி ஆன்டெனா தானாகவே மெல்லத் திரும்புகிறது. கடல் தாண்டி ஏதோ ஒரு கல்லூரி மாணவிகள் அதை இணையம் வழியாக இந்தப் பத்து நிமிடத்துக்குக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அவர்கள் செய்து அனுப்பிய குட்டிச் செயற்கைக்கோள் பதினொரு நாளாக வாய் திறக்கவில்லை. தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுக் கணவரின் மடிக்கணினியை எட்டிப் பார்க்கிறாள். திரையில் ஆன்டெனா பிடிக்கும் இரைச்சல் நீல மழையாக இறங்குகிறது. “பெத்த பிள்ளைக்குக்கூட இப்படித் தவிச்சதில்ல நீங்க.” “சும்மா இரேன், கோள் நம்ம தலைக்கு மேல வந்திருச்சு.” நீலத்தின் நடுவே நூலிழை போல ஒரு மஞ்சள் கோடு இறங்குகிறது, அறுந்து, மீண்டும் தொடர்கிறது. “பேசுது!” என்கிறார் கிசுகிசுப்பாக. “அந்தப் பொண்ணுங்களை எழுப்பிச் சொல்லுங்க.” “அங்க நடுராத்திரி. தூங்கட்டும், காலையில பார்த்துக்குவாங்க.” அவர் சொல்லி முடிப்பதற்குள் திரையோரத்தில் ஒரு செய்தி விழுகிறது: ‘நன்றி சொல்ல ஒரு நிமிடம் கொடுங்கள். பதினான்கு பேரும் அழுதுகொண்டிருக்கிறோம்.’