நாற்பத்தொரு வலம்

ஜூன் 30, செவ்வாய். ஒரு சிறு பிழையை ஒப்புக்கொள்கிறேன். மனிதன் வளமாக வாழ்வது எப்படி என்று ஆறு மாதமாக எழுதிவரும் நோட்டில், 'வளம்' வரவேண்டிய நாற்பத்தொரு இடங்களிலும் 'வலம்' என்று எழுதியிருக்கிறேன். பாதி ஆண்டு முடிந்ததால், இன்று மாலை எழுத்துப் பயிற்சி வகுப்பில் நோட்டைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். கண்டுபிடித்தது ரெஜினா அக்கா. பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவர். ஓர் எழுத்து பிசகினால் கேக் திரும்பி வந்துவிடும்.

"திருத்தாதே தம்பி, சரியாத்தான் இருக்கு. ஆறு மாசமா சுத்திச் சுத்தித்தானே வர்றே? உள்ள ஒரு மனுசன்கூட இல்லையே."

எண்ணிப் பார்த்தேன். அறுபது பக்கங்களில் விளக்கங்கள் முப்பத்திரண்டு, மனிதர் எவருமில்லை. நாளை ஆசிரியர் நோட்டைப் பார்ப்பார். பிடிக்காவிட்டால் என்னைக் கட்டுரைப் பிரிவிலிருந்து விடுப்பு விண்ணப்பம் எழுதக் கற்றுத்தரும் தொடக்கப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்.

"அப்போ யாரைக்கா எழுதுறது?"

"என்னைய எழுதேன். எவ்வளவு வளமா இருக்கேன், பாரு!" என்று இடுப்பைத் தட்டிக் காட்டினார். பெஞ்சு ஆடும் அளவுக்குச் சிரித்தார். ஆசிரியர் திரும்பிப் பார்த்தும் நிறுத்தவில்லை.

நாளை: வகுப்புக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் பேக்கரிக்குப் போய், அக்காவுக்கு இந்தச் சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று கேட்டு ஒரு பக்கம் எழுத வேண்டும்.