தகரம் அடித்த கேட்

மற்ற நாட்களில் ஒழுங்காக மூடும் தானியங்கிக் கேட், இன்று பாதிவழியில் நின்று மீண்டும் உட்பக்கமாகத் திறந்துகொள்கிறது. ஹந்தானை மலைச் சரிவில் காற்று ஊளையிடுகிறது. மங்களேஸ்வரி மூன்றாம் தடவையாக ரிமோட்டை அழுத்துகிறாள். ஞாபகம் மங்கிப்போன அப்பா குடையோடு படியிறங்கி வருகிறார். வெளியே, வளைவில், பஸ் ஒன்றின் ஹோர்ன் கேட்கிறது. "வழியை விடு பிள்ளை, கந்தோர் வேலைக்குப் பிந்துது." "இண்டைக்கு லீவப்பா." "லீவோ, ஆர் தந்தது?" பழுதுபார்க்க வந்திருக்கும் அழகமுத்து, கேட்டை முழுதாக மறைத்து அடித்திருக்கும் தகரத்தில் கைவைத்துப் பார்க்கிறார். அது அதிர்கிறது. "இது எதுக்கு அக்கா?" "ரோட்டில பஸ்ஸைக் கண்டா அப்பா வெளிக்கிட்டிடுவார், அதுக்குத்தான்." "அதாங்க வினை. தகரத்துல காத்து மோதித் தள்ளுது. யாரோ நடுவுல மாட்டிக்கிட்டாங்கன்னு நெனச்சு மோட்டார் பின்வாங்குது." அவர் சாவியைத் திருகி மோட்டாரின் கையைக் கேட்டிலிருந்து விடுவிக்கிறார். இருவரும் தோள்கொடுத்துத் தள்ளித் தாழ்ப்பாளைப் போடும்போது அப்பா அவர்களுக்குப் பின்னால் வந்து நிற்கிறார். மூச்சு வாங்கியபடி அழகமுத்து சொல்கிறார்: "தகரம் இருக்கட்டும். மதிலோரமா தண்டவாளத்துல ஓடுற கேட்டும், அத இழுக்குற பல்சக்கர மோட்டாரும் போடுவோம். காத்து குறுக்கால எவ்வளவு தள்ளினாலும், கேட் நெடுக்க ஓடி மூடிரும்."